சுமை போன பாதையில சுற்றுலா



வெள்ளாமை, மழை, மாட்டு வைத்தியம்னு எழுதிக்கிட்டிருந்தவன் இந்தத் தடவை மலைப் பாதையைப் பத்தி எழுதலாம்னு இருக்கேன். காரணம் இருக்கு. சனி, ஞாயிறு ஆனா பெரியகுளம் பக்கம் முதுகுல பெரிய பையோட பட்டணத்துப் பிள்ளைகள் நிறைய வர்றாங்க. கும்பக்கரைக்கு எப்படிப் போறது, வெள்ளகவிக்கு எத்தனை மணி நேரம்னு கேட்பாங்க. போடி பக்கம் போறவங்க குரங்கணிக்கு ஜீப் விசாரிப்பாங்க. ஒரு தம்பி என்கிட்ட, "ஐயா, இந்த ட்ரெக்கிங் ரூட்டையெல்லாம் முதல்ல கண்டுபிடிச்சது யாரு?"ன்னு கேட்டார்.

யாரும் கண்டுபிடிக்கல தம்பி. இது எல்லாம் சுமை போன பாதை. அரிசி மேல போச்சு, காப்பியும் தேயிலையும் கீழ வந்துச்சு, துரைமாரு தோள் மேல போனாங்க. அந்தக் கதை தெரிஞ்சு நடந்தா நடை நல்லா இருக்கும். அது மட்டும் இல்ல, உயிரும் பத்திரமா இருக்கும். அதை எழுதத்தான் இந்தப் பதிவு.

முதல் தடம்

எங்க தேனி மாவட்டத்தைச் சுத்தி மூணு பக்கமும் மலை. வடக்க பழனிமலைத் தொடர், அதுக்கு மேலதான் கொடைக்கானல். மேற்க போடி மலை, அதைத் தாண்டினா மூணாறு. தெற்க மேகமலை. மலை மேல பெய்யிற மழை கும்பக்கரை, சுருளின்னு அருவியா விழுந்து, வராக நதி, கொட்டகுடி ஆறுன்னு ஆறா ஓடி, எங்க கண்மாய்க்கும் தோப்புக்கும் வருது. எங்களுக்கு மலைன்னா முதல்ல தண்ணிதான்.

இந்த மலைகள்ல முதல்ல தடம் போட்டது யானை. யானை செங்குத்தா ஏறாது, சரிவைப் பார்த்து வளைஞ்சு வளைஞ்சு போகும். அந்தத் தடத்துல பின்னால நடந்தவங்க பளியர்கள். தேன் எடுக்க, கிழங்கு தோண்ட, ஈஞ்சி மார் அறுக்கன்னு அவங்க நடந்து நடந்துதான் காட்டுக்குள்ள ஒத்தையடிப் பாதை உண்டாச்சு. அப்புறம் மலைக் கிராமத்து ஜனங்க கீழ சந்தைக்கு இறங்க, கீழ்நாட்டு வியாபாரிங்க உப்பும் துணியும் ஏத்த, பாதை அகலமாச்சு.

பொழுதுபோக்குன்னு ஒரு சொல் அன்னைக்கு மலைக்கு கிடையாது. சும்மா யாரும் ஏறல. ஏறினா சாமிக்கு ஏறினாங்க, இல்ல சோத்துக்கு ஏறினாங்க. சாமிக்கு ஏறுறது இன்னைக்கும் இருக்கு. கூடலூர் பக்கம் பளியன்குடியில இருந்து மங்கலதேவி கண்ணகி கோவிலுக்கு வருசத்துல ஒரே ஒரு நாள், சித்ரா பௌர்ணமி அன்னைக்கு மட்டும், காட்டு வழியா நடந்து போக விடுறாங்க. கிழவன் கிழவி, கைப்பிள்ளைக்காரின்னு ஏறுவாங்க. காலுல செருப்பு இல்லாதவங்களையும் பார்க்கலாம். சுருளி அருவிக்கு ஆடி அமாவாசைக்குப் போறவங்க முன்னோருக்குத் திதி குடுத்து முழுகுறதுக்குப் போறாங்க. அருவியில குளிச்சா சந்தோசம் வரத்தான் செய்யும். ஆனா அதுக்காகப் போறோம்னு யாரும் சொல்ல மாட்டாங்க.

துரைமாரு மலை ஏறின கதை

சும்மா ஓய்வுக்காக, குளிருக்காக மலை ஏறுற பழக்கத்தை இங்க கொண்டு வந்தது வெள்ளைக்காரங்க.

1821-ல வார்டுங்கிற ராணுவ அதிகாரி பழனிமலையை அளக்க வந்தார். அதுக்கப்புறம் மதுரையில இருந்த அமெரிக்க மிஷன் பாதிரிமாருங்க வந்தாங்க. 1834-ல மதுரையில மிஷன் ஆரம்பிச்சவங்களுக்கு நம்ம வெயிலும் காய்ச்சலும் காலராவும் தாங்கல. குடும்பத்துல சாவு மேல சாவு. குளிர்ந்த இடம் தேடித்தான் 1845-ல கொடைக்கானல்ல முதல் ரெண்டு வீட்டைக் கட்டினாங்க. ஆக, அவங்களும் ஆரம்பத்துல உயிருக்குப் பயந்துதான் மலை ஏறினாங்க. உல்லாசம் பின்னாடி வந்தது.

1863-ல லெவிஞ்ச் துரை ஓடையை மறிச்சு ஏரி உண்டாக்கினார். மதுரை கலெக்டரா இருந்தவர் அவர். இப்ப நீங்க படகு ஓட்டுறது, சுத்தி சைக்கிள் மிதிக்கிறது எல்லாம் அந்த ஏரிதான். இயற்கை ஏரி இல்ல, நம்ம ஊர் கண்மாய் மாதிரி கரை போட்டு நிறுத்தின தண்ணி. அதோட மறுகால் தண்ணிதான் மலை ரோட்டோரம் வெள்ளி அருவியா விழுது. மேல போற ஒவ்வொரு வண்டியும் நின்னு போட்டோ எடுக்குதே, அதே அருவிதான். அப்புறம் 1872-ல கோக்கர்ஸ் வாக், 1890-ல படகுக் கிளப், 1895-ல கோல்ஃப் கிளப்புன்னு ஒண்ணொண்ணா வந்துச்சு.

இப்ப ஒரு கேள்வி. கொடைக்கானலுக்கு மோட்டார் ஓடுற ரோடு முடிஞ்சது 1914-ல. மேஜர் லாங்கிறவர் 1870-கள்லயே அந்த வழியைத் திட்டம் போட்டாலும் வேலை முடிய அத்தனை வருசம் ஆச்சு. அப்ப 1845-ல இருந்து 1914 வரைக்கும், கிட்டத்தட்ட 70 வருசம், அத்தனை வீடும் கிளப்பும் எப்படி மேல போச்சு? கண்ணாடி, இரும்புக் கட்டில், அடுப்பு, மாவு மூட்டை, நோயாளி, குழந்தை எல்லாம் எப்படிப் போச்சு?

ஆள் தோள்லயும் தலையிலயும் போச்சு.

ரயில் வந்தப்புறம் துரைமாருங்க அம்மையநாயக்கனூர் ஸ்டேஷன்ல இறங்குவாங்க. அதுதான் இன்னைக்கு கொடை ரோடு. அங்க இருந்து ராத்திரி முழுக்க மாட்டு வண்டி. விடியக்காலம் பெரியகுளத்துக்குப் பக்கத்துல மலை அடிவாரத்துக்கு வந்து சேருவாங்க. கிருஷ்ணம்ம நாயக்கன் தோப்புன்னு பேரு. அங்கிருந்து மேல ஒரு பத்துப் பன்னெண்டு மைல் செங்குத்துப் பாதை. முடிஞ்சவங்க குதிரையில போவாங்க. பொம்பளைங்க, குழந்தைங்க, வயசானவங்க டோலியிலயோ, கம்பு கட்டின நாற்காலியிலயோ உட்காருவாங்க. நம்ம ஆளுங்க தோள்ல வச்சுத் தூக்குவாங்க. மாத்து ஆளுங்க கூடவே நடப்பாங்க. ஒரு தோள் புண்ணானா அடுத்த தோள், ஒருத்தன் மூச்சு வாங்கினா அடுத்தவன்.

அந்தப் பாதைக்கு வெள்ளைக்காரங்க வச்ச பேரே கூலி காட். கூலிக்காரன் ஏறுற மலைவழின்னு அர்த்தம். ஏரியைப் பத்திப் பேசினா லெவிஞ்ச் பேரு வரும். நடைபாதைக்கு கோக்கர் பேரு இருக்கு. ரோட்டுக்கு லா பேரு இருக்கு. தூக்கிட்டுப் போனவனுக்கு மொத்தமா கூலின்னு ஒரே பேரு.

ஏரியில விட்ட முதல் படகு தூத்துக்குடியில இருந்து வந்ததுன்னு கொடைக்கானல் கதையில சொல்லுவாங்க. கடல்கரையில இருந்து வந்த படகு ரோடே இல்லாத மலை மேல எப்படி ஏறியிருக்கும்னு நீங்களே நினைச்சுப் பாருங்க. ஏரியில படகு ஓட்டுறப்ப எனக்கு அது நினைப்பு வரும்.

1914-க்கு அப்புறம் வண்டி எல்லாம் வத்தலக்குண்டு வழி ரோட்டுல போக ஆரம்பிச்சுச்சு. தோப்பு வழி மெல்ல மெல்லப் புதர் மண்டிப்போச்சு.

வெள்ளகவி

ஆனா சில ஊர்களுக்கு மட்டும் ரொம்பக் காலம் ரோடு வரல. அதுல ஒண்ணு வெள்ளகவி. கும்பக்கரைக்கு மேல, வட்டக்கானலுக்குக் கீழ, மலை முதுகுல இருக்கிற ஊர். தலைமுறை தலைமுறையா அவங்களுக்கு நடைதான். காப்பி, அவரை, எலுமிச்சைன்னு விளையிறது தலைச்சுமையாவோ குதிரைப் பொதியாவோ தான் வெளியில வரும். கீழ வாங்கின அரிசியும் அப்படித்தான் மேல போகும். பிரசவம், பாம்புக்கடின்னா டோலி கட்டித் தூக்கணும். துரையைத் தூக்கின அதே டோலிதான்.

அந்த ஊருக்குள்ள செருப்புப் போட மாட்டாங்க. வீட்டுக்கு வீடு கோவில் பக்கத்துல இருக்கு, ஊரே கோவில் மாதிரி. நீங்க போனாலும் ஷூவைக் கழட்டிக் கையில பிடிச்சுக்கிட்டுத்தான் ஊரைக் கடக்கணும். இதை ஏதோ வேடிக்கைன்னு வீடியோ எடுத்துப் போடுறாங்க. வேடிக்கை இல்ல, அது அவங்க மரியாதை. உங்களுக்கு ரெண்டு நாள் சாகசமா இருக்கிற அந்த ஏத்தம் அவங்களுக்கு ரேஷன் கடைக்குப் போற வழி.

டாப் ஸ்டேஷன்னு ஏன் பேரு வந்துச்சு

போடி பக்கம் கதை இன்னும் பெருசு. மூணாறுக்குப் போறவங்க எல்லாம் டாப் ஸ்டேஷன் பார்ப்பீங்க. மேகத்துக்கு மேல நின்னு கீழ எங்க மாவட்டத்தை எட்டிப் பார்க்கிற இடம். ஸ்டேஷன்னு பேரு இருக்கு, ரயில் எங்கன்னு யாராவது கேட்டிருக்கீங்களா?

ரயில் இருந்துச்சு. 1877-ல மன்றோங்கிற துரை பூஞ்சாறு ராஜாகிட்ட கண்ணன் தேவன் மலையை எழுதி வாங்கினார். அப்புறம் காடு வெட்டித் தேயிலை போட்டாங்க. தேயிலையை வெளியில கொண்டு வர 1902-ல மூணாறுல இருந்து டாப் ஸ்டேஷன் வரைக்கும் ஒத்தைத் தண்டவாளம் போட்டு மாடு கட்டி இழுத்தாங்க. 1908-ல அதை எடுத்துட்டுச் சின்ன ரயிலே விட்டாங்க. டாப் ஸ்டேஷன்ல ரயில்ல இருந்து இறக்கின தேயிலைப் பெட்டி கம்பிவடத்துல தொங்கி, அஞ்சு கிலோமீட்டர் மலைச் சரிவுல கீழ கொட்டகுடிக்கு வரும். அதுக்குப் பேரு பாட்டம் ஸ்டேஷன். அங்க இருந்து போடிக்கு மாட்டு வண்டி. அப்புறம் ரயிலேறிக் கப்பலேறி சீமைக்குப் போகும். எங்க போடிநாயக்கனூர் வண்டிமாடு இழுத்த தேயிலையைத்தான் லண்டன்ல குடிச்சாங்க.

1924 ஆடி மாசப் பெருமழையில அந்த ரயில் பாதை அடியோட போயிருச்சு. மலையாளத்துக்காரங்க 99-ஆம் வருச வெள்ளம்னு சொல்லுவாங்க, கொல்லம் ஆண்டு 1099. ரயில் திரும்ப வரவே இல்ல. பேரு மட்டும் நின்னுருச்சு. குரங்கணியில இருந்து டாப் ஸ்டேஷனுக்கு ஏறுற வழியில சென்ட்ரல் ஸ்டேஷன்னு ஒரு சின்ன ஊர் வரும். மலைக்குள்ள சென்ட்ரல் ஸ்டேஷனான்னு சிரிக்காதீங்க, அது இந்தக் கதையில மிச்சம் இருக்கிற பேரு.

அந்தத் தோட்டங்கள்ல கொழுந்து கிள்ளப் போனது யாரு? கீழ்நாட்டு சனங்க. பஞ்சம் வந்தா, மழை பொய்ச்சா, கங்காணி கையில முன்பணம் வாங்கிக்கிட்டு, குடும்பத்தோட, சட்டி பானையோட இந்த மலை ஏறினாங்க. திரும்பி வந்தவங்களும் உண்டு, வராதவங்களும் உண்டு. நீங்க இப்ப மூச்சு வாங்கி நின்னு செல்ஃபி எடுக்கிற வளைவுல ஒருத்தி பிள்ளையை இடுப்புல வச்சுக்கிட்டு நின்னு மூச்சு வாங்கியிருப்பா.

2018 மாசி

இப்ப நான் சொல்ல வந்த முக்கியமான விசயத்துக்கு வர்றேன்.

சுமை தூக்கினவங்க வருசம் பூரா ஏறினாங்க. ஆனா எல்லா நேரமும் எல்லா வழியிலயும் ஏறல. எந்த மாசம் எந்தச் சரிவுல போகலாம், எந்த நேரத்துல போகக் கூடாதுன்னு அவங்களுக்கு ஒரு கணக்கு இருந்துச்சு. அது எந்தப் புத்தகத்துலயும் எழுதல. பாதை மட்டும் நமக்கு வந்துருச்சு, கணக்கு வரல.

2018 மார்ச் 11, ஞாயித்துக்கிழமை. மாசி மாசக் கடைசி. சென்னையில இருந்து ஒரு கூட்டம், ஈரோடு, திருப்பூர் பக்கம் இருந்து ஒரு கூட்டம், கொழுக்குமலைக்குப் போயிட்டு குரங்கணிக்கு இறங்கிக்கிட்டிருந்தாங்க. நிறையப் பேர் சின்ன வயசுப் பொம்பளைப் பிள்ளைகள். ஒத்தமரம்னு சொல்ற பகுதியில காட்டுத்தீ சூழ்ந்துருச்சு. அங்கயே சிலர் போனாங்க, மதுரை, சென்னை ஆஸ்பத்திரியில தீக்காயத்தோட கிடந்து சிலர் போனாங்க. மொத்தம் 20 பேருக்கு மேல. சாயங்காலம் தகவல் தெரிஞ்சதும் குரங்கணி சனங்க போர்வையும் தண்ணியும் எடுத்துக்கிட்டு இருட்டுக்குள்ள மேல ஏறினாங்க. வனத்துறை, தீயணைப்பு, போலீஸ், மறுநாள் விமானப்படை ஹெலிகாப்டர் எல்லாம் வந்துச்சு. ஆனா அந்தச் சரிவுல டோலி கட்டித் தூக்கி இறக்கினது மனுசத் தோள்தான். நூறு வருசம் கழிச்சும் அதேதான்.

யார் மேல தப்புன்னு விசாரணை நடந்து முடிஞ்சது. நான் அதுக்குள்ள போகல. நான் சொல்றது மலையைப் பத்தி.

மாசி, பங்குனியில போடி மலைச் சரிவு பூரா போதைப் புல் காஞ்சு நிக்கும். ஆள் உயரத்துக்கு நிக்கும். அதுல எண்ணெய்ப் பசை உண்டு, பத்தினா பொசுக்குன்னு போகும். சமவெளியில தீ பரவுறது வேற, மலைச் சரிவுல பரவுறது வேற. அனல் மேல் நோக்கிப் போறதால, தீ வர்றதுக்கு முன்னாடியே மேல இருக்கிற புல்லைச் சுட்டுக் காய வச்சிருது. அதனால ஏத்தத்துல தீ ஓடுற வேகத்துக்கு மனுசன் ஓட முடியாது. மதியத்துல காத்து பள்ளத்துல இருந்து மேல ஏறும், அது இன்னும் ஊதி விடும். ஓடைப் பள்ளம் புகைக்கூண்டு மாதிரி இழுக்கும். இதனாலதான் பழைய ஆளுங்க அந்த மாசங்கள்ல விடியறதுக்கு முன்னாடி கிளம்பி, வெயில் ஏறுறதுக்குள்ள புல்லுக்காட்டைத் தாண்டிருவாங்க. மதியத்துல சோலைக்காட்டு ஓரமா, தண்ணி பக்கம் உட்கார்ந்துருவாங்க. தீயைப் பார்த்தா மேல ஓடாம, எரிஞ்சு முடிஞ்ச கருகல் இடத்துக்கோ பாறைக்கோ போகணும்னு தெரியும்.

தண்ணிக்கும் ஒரு கணக்கு

அருவியும் அப்படித்தான். கும்பக்கரையில பாம்பாறு பாறையைக் குடைஞ்சு வச்சிருக்கிற ஆழமான குழிகளுக்கு யானைக் கெஜம், உரல் கெஜம், பாம்புக் கெஜம்னு பேரு வச்சிருக்காங்க. பேரைக் கேட்டா அழகா இருக்கும். ஆனா அங்க இறங்கக் கூடாது. உள்ள சுழி இருக்கு, பாறை வழுக்கும்.

கும்பக்கரையில வெயில் அடிக்கும், நீங்க குளிச்சுக்கிட்டிருப்பீங்க. மேல வட்டக்கானல்ல மழை கொட்டியிருக்கும். அது உங்களுக்குத் தெரியாது. ஆத்துக்குத் தெரியும். தெளிஞ்ச தண்ணி கலங்கும், சருகும் குச்சியும் மிதந்து வரும், சத்தம் கனமாகும், மண்வாசனை வரும். இதுல எது ஒண்ணைப் பார்த்தாலும் கரைக்கு வந்துரணும், துண்டைத் தேடக் கூடாது. வயலுக்குத் தண்ணி பாய்ச்சுறவன் வாய்க்கால் தண்ணி நிறத்தைப் பார்த்தே மேல மழைன்னு சொல்லுவான். ஐப்பசி, கார்த்திகையில வனத்துறை குளிக்கத் தடைன்னு கயிறு கட்டினா, லீவு போட்டு இம்புட்டுத் தூரம் வந்தோமேன்னு சண்டை போடாதீங்க. அந்தத் தண்ணி கீழ எங்க தோப்புக்கு வர்றப்பவே மரத்தைச் சாய்க்குது, மேல ஆளை விட்டு வைக்குமா?

இப்ப என்ன நிலைமை

குரங்கணிக்கு அப்புறம் அரசாங்கம் 2018-லயே மலையேத்தத்துக்கு விதிமுறை கொண்டு வந்துச்சு. 2024 அக்டோபர்ல தமிழ்நாடு முழுக்க 40 பாதைகளைத் தேர்ந்தெடுத்து, ஆன்லைன்ல பதிவு பண்ணி, வழிகாட்டியோட போற மாதிரி ஆரம்பிச்சாங்க. குரங்கணியில இருந்து சாம்பலாறு போற பாதையும் அதுல இருக்கு. தீ பயம் இருக்கிற மாசங்கள்ல நிறுத்தியும் வைக்கிறாங்க. வழிகாட்டியா வர்றது அந்தந்த மலை அடிவாரத்து இளவட்டங்க, பழங்குடிப் பிள்ளைகள்.

எனக்கு இதுல ஒரு திருப்தி. தாத்தன் டோலி தூக்கின பாதையில பேரன் சட்டையில பேர் குத்திக்கிட்டு முன்னால நடக்கிறான். பின்னால நீங்க நடக்கிறீங்க. அவன் கூலி வாங்குறான், ஆனா தோளுக்கு இல்ல, தலைக்குள்ள இருக்கிற விசயத்துக்கு. அந்தக் கணக்கு செத்துப் போகாம இருக்கணும்னா இந்த மாதிரி பிள்ளைகளுக்கு மலையில வேலை இருக்கணும். இல்லன்னா அவங்களும் திருப்பூர் பஸ் ஏறிருவாங்க. அப்புறம் பாதையைக் கேட்க கூகுள் மேப்தான் மிஞ்சும். மேப்புல தூரம் இருக்கும், மாசி மாசத்துப் புல்லு இருக்காது.

அதனால வாங்க. தாராளமா வாங்க. மலை யாருக்கும் பட்டா போட்ட சொத்து இல்ல. அனுமதி வாங்கி, விடியக்காலம் கிளம்பி, வழிகாட்டியோட போங்க. அவர் வயசுல சின்னவரா இருந்தாலும் மலையில அவர்தான் பெரியவர். "இதுக்கு மேல வேண்டாம், திரும்பலாம்"னு சொன்னா ஏன்னு கீழ வந்து கேட்டுக்கலாம், முதல்ல திரும்புங்க. வெள்ளகவி வழியாப் போனா ஷூவைக் கழட்டிட்டுப் போங்க. கொண்டு போன பிளாஸ்டிக்கைத் திரும்பக் கொண்டு வந்துருங்க, அந்த ஓடைத் தண்ணியைத்தான் கீழ நாங்க குடிக்கிறோம்.

வழியில சுமையோட யாராவது எதிர்ல வந்தா நீங்க ஒதுங்கி நின்னு வழி விடுங்க. மலையில அதுதான் பழைய வழக்கம். சுமை இருக்கிறவனுக்குத்தான் பாதை.